ஜப்பானில் மிச்ச உணவு முதலில் தீவனம், அப்புறம்தான் உரம்

ஜப்பானில் உணவு மறுசுழற்சிச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 2000-ல் நிறைவேறி 2001 மே மாதம் நடைமுறைக்கு வந்தது, 2007-ல் திருத்தினார்கள். மிச்ச உணவு என்றதும் நமக்கு எருக்குழிதான் ஞாபகம் வரும், ஆனால் இந்தச் சட்டத்தின் வரிசையே வேறு. முதலில் மிச்சமே வராமல் குறைக்க வேண்டும். அதற்கு மேலும் மிஞ்சினால் கால்நடைத் தீவனம், அதற்கு ஆகாதது உரம், அதற்கும் ஆகாததுதான் மீத்தேன் மாதிரியான மற்ற வழிகள். எரித்து வெப்பம் எடுப்பதெல்லாம் அதற்கும் கீழான படி. 75 கிலோமீட்டருக்குள் மறுசுழற்சி ஆலை இருந்தால் பொதுவாக அந்தப் படிக்குப் போகவே முடியாது.

தீவனத்தை ஏன் முன்னால் வைத்தார்கள் என்றால், மாவும் புரதமும் மண்ணுக்குப் போவதற்கு முன் ஒரு விலங்கின் வயிற்றை நிரப்பட்டுமே என்பதுதான். தீவனத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கை இறக்குமதி செய்கிற நாடு வேறு எப்படி யோசிக்கும்?

சட்டம் யாருக்கு? உணவுத் தொழிற்சாலை, மொத்த வியாபாரி, சூப்பர் மார்க்கெட், உணவகம், கல்யாண மண்டபம், விடுதி ஆகியோருக்கு. வீடுகளுக்கு இல்லை. வருடத்துக்கு 100 டன்னோ அதற்கு மேலோ கழிவு வருகிற நிறுவனம் ஆண்டுதோறும் அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். சரியாகச் செய்யாவிட்டால் முதலில் அறிவுரை, பிறகு பெயரை வெளியிடுவது, அதன்பின் உத்தரவு, அதையும் மீறினால் 5 லட்சம் யென் வரை அபராதம். பெரிய கம்பெனிக்கு அந்தப் பணம் ஒன்றுமே இல்லை, பெயர் வெளியே வருவதைத்தான் பயப்படுவார்கள் என்று நினைக்கிறேன்.

மிச்சத்தில் எவ்வளவு பங்கைக் குறைக்கவோ மறுசுழற்சி செய்யவோ வேண்டும் என்று 2019-ல் வகுத்த இலக்கு, 2024 நிதியாண்டுக்குள் தொழிற்சாலைகள் 95 சதவீதம், மொத்த வியாபாரம் 75, சில்லறைக் கடைகள் 60, உணவகங்கள் 50. உணவகத்துக்கு மட்டும் இவ்வளவு சலுகை ஏன் என்று கேட்கலாம். தொழிற்சாலையில் வருவது டோஃபு பிழிந்த சக்கை, பியர் ஆலைத் தானியச் சக்கை, ரொட்டி ஓரம் என்று ஒரே ரகமாக, தினமும் ஒரே அளவில் வரும், நம்மூர் ஆலையில் புண்ணாக்கு வருகிற மாதிரி. சாப்பிட்ட தட்டில் மிஞ்சுவதோ உப்பும் எண்ணெயும் பல்குச்சியும் கலந்த குழம்பு. அதைப் பிரித்தெடுக்கிற செலவுக்கு ஆளே கிடைக்காது.

2007 திருத்தத்தில் வலுப்பெற்ற 'வளையம்' என்ற ஏற்பாடுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கடை தன் மிச்சத்தைத் தீவன ஆலைக்கோ உர ஆலைக்கோ கொடுக்கிறது, அந்தத் தீவனத்தில் வளர்ந்த பன்றியையோ அந்த உரத்தில் விளைந்த காய்கறியையோ அதே கடை திரும்ப வாங்கி விற்கிறது. கடை, ஆலை, விவசாயி மூவரும் சேர்ந்து திட்டம் எழுதி அரசிடம் சான்று வாங்கிவிட்டால், கழிவை ஏற்றிப்போக ஒவ்வொரு ஊராட்சியிலும் தனித்தனி உரிமம் எடுக்க வேண்டியதில்லை. கேட்க சின்ன விஷயம்தான், ஆனால் பத்து ஊரில் கிளை வைத்திருக்கிறவருக்கு அதுதான் பெரிய தலைவலி. கனகாவா மாகாணம் சகமிஹாராவில் ஒரு ஆலை சோறு, ரொட்டி, பால், காய்கறி மிச்சங்களைச் சூடாக்கி, தயிர் உறைகிற மாதிரி லாக்டிக் அமிலக் கிருமியால் புளிக்கவைத்து, பன்றிகளுக்குக் கூழாகவே அனுப்புகிறது. இப்படி மிச்சத்திலிருந்து வரும் தீவனத்தை அங்கே 'எக்கோஃபீட்' என்பார்கள், 2009 முதல் அதற்குத் தனிச் சான்றும் உண்டு.

இனி கண்டிப்பான பகுதி. இறைச்சி கலந்த மிச்சத்தை அப்படியே பன்றிக்கு ஊற்றக் கூடாது. முன்பு 70 டிகிரியில் 30 நிமிடம் போதும் என்றிருந்தது. 2018-ல் கிஃபு மாகாணத்தில் பன்றிகளுக்கு வரும் 'கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர்' (மனிதர்களுக்கு வரும் பன்றிக் காய்ச்சல் வேறு) திரும்ப வந்தது, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் அண்டை நாடுகளில் பரவியது. அதற்கப்புறம், 2021 ஏப்ரலில் இருந்து, கிளறிக்கொண்டே 90 டிகிரியில் 60 நிமிடம், அல்லது அதற்கு நிகரான வேறு முறை. நம்மூரில் ஹோட்டல் மிச்சத்தை டிரம்மில் பிடித்துப் போய் பன்றிக்கு ஊற்றுகிறவர்கள் ஜப்பானிடம் எதையாவது எடுத்துக்கொள்வதென்றால் முதலில் இதைத்தான் எடுக்க வேண்டும், சான்றெல்லாம் பிறகு.

மாட்டுக்கு மட்டும் எவ்வளவு வேகவைத்தாலும் இறைச்சி கலந்த மிச்சம் கிடையாது. 2001 செப்டம்பரில் அங்கே 'மேட் கவ்' என்கிற பைத்திய மாட்டு நோய் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து அந்தக் கதவு மூடியே இருக்கிறது.