பெட்டியைச் செய்தவர் கள்ளன் என்றால்?

கொக்குவிலில் இருந்து ஒரு உயர்தர மாணவி கேட்டிருந்தார்: "குவாண்டம் முறையில் இரகசியத் திறப்பைப் பரிமாறினால் ஒருவரும் ஒட்டுக்கேட்க ஏலாது என்கிறீர்கள், சரி, அந்தக் கருவியைச் செய்து விற்றவரே கள்ளன் என்றால்?" அருமையான கேள்வி. பூட்டு எவ்வளவு பலமாக இருந்தென்ன, கடைக்காரரிடம் இன்னொரு திறப்பு இருந்தால்!

1984இல் பென்னெட், பிரசார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்ன முறை இது: இரகசியத் திறப்பு என்பது செய்தியைப் பூட்டும் 0, 1 வரிசை, அதை ஒளித்துகள்களில் அனுப்புவார்கள். ஒளித்துகளை இடையில் அளந்தால் அதன் நிலை குலையும், திருட்டு பிடிபடும். கணக்கில் பிழையில்லை. ஆனால் 2010இல் மகரோவ் என்ற ஆய்வாளரும் சகாக்களும் விற்பனையில் இருந்த கருவிகளின் ஒளியுணரிகளைப் பலத்த ஒளியால் குருடாக்கி, தடயமில்லாமல் திறப்பை எடுக்கலாம் என்று காட்டிவிட்டார்கள்.

கருவியை நம்பாமலே அதைச் சோதிக்க வழி ஒரு விளையாட்டு. நல்லூரில் ஒரு பெட்டி, பருத்தித்துறையில் ஒரு பெட்டி, இரண்டும் ஒன்றோடொன்று கதைக்க முடியாது. ஒவ்வொன்றிடமும் எழுமாறாக 0 அல்லது 1 என்று கேட்கிறோம், பதிலும் 0 அல்லது 1. இரண்டு கேள்வியும் 1 என்றால் பதில்கள் வேறுபட வேண்டும், மற்ற நேரம் ஒத்திருக்க வேண்டும். கள்ளன் பதில்களை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறான் என்று வையுங்கள். எல்லாவற்றுக்கும் 0 என்றால், இரண்டு கேள்வியும் 1 ஆகும் (1,1) பிழையாகும். அதைச் சரிசெய்ய 1 என்ற கேள்விக்கு நல்லூரின் பதிலை மாற்றினால், நல்லூரில் 1, பருத்தித்துறையில் 0 என்று கேட்கும் (1,0) பிழையாகும். எப்படி எழுதினாலும் நாலில் ஒன்று உதைக்கும், 75 வீதத்தைத் தாண்டவே முடியாது. பின்னலுற்ற, அதாவது தள்ளியிருந்தாலும் அளவீடுகள் தொடர்புபட்டிருக்கும், குவாண்டம் துகள்களோ 85.4 வீதம் வரை வெல்லும்! ஆக, வெற்றி 75ஐ உறுதியாகத் தாண்டினால் அந்தப் பதில்கள் முழுவதும் முன்பே எழுதப்பட்டிருக்க முடியாது, திறப்பை அந்தப் பதில்களில் இருந்தே எடுக்கிறோம், எழுதாததை எவன் பிரதி எடுப்பான்? பெட்டியைத் திறந்து பார்க்கவே தேவையில்லை, மதிப்பெண்ணைப் பார்த்தால் போதும். கேள்வி உண்மையில் எழுமாறாக இருக்க வேண்டும், பெட்டியில் இருந்து ஒன்றும் வெளியே கசியக்கூடாது, அவ்வளவுதான். எனக்கு இயற்பியலில் இதைவிடப் பிடித்த இடம் கிடையாது.

இதன் வேர் 1964இல் ஜோன் பெல் எழுதிய சிறு கட்டுரை. துகள் முடுக்கி வேலைக்குச் சம்பளம் வாங்கியவர், இதைத் தன் ஆர்வத்தில் எழுதினார். "என்ன பிரயோசனம்?" என்று கேட்டு ஆய்வுப் பணத்தை மறுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஆனால் 'குவாண்டம் சக்தி' வளையல்களுக்குச் சனம் காசு கொடுக்கிறது, எனக்கு வயிறு எரிகிறது.

2022இல் ஒக்ஸ்ஃபோர்ட் குழு, இரண்டு மீற்றர் தள்ளியிருந்த ஸ்ட்ரோன்சிய அயன்களைக் கொண்டு 95,628 பிட் திறப்பை இப்படியே எடுத்தது. தூரம்தான் வில்லங்கம். ஒளியிழையில் கிலோமீற்றருக்கு 0.2 டெசிபெல் இழப்பு என்றாலும், யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு 400 கிலோமீற்றரில் பத்துக் கோடித் துகளுக்கு ஒன்றுதான் போய்ச் சேரும். அதனால் இப்போதைக்குக் கைகொடுப்பது 2012இல் வந்த இடைவழி: இரு பக்கமும் ஒளியை அனுராதபுரத்துக்கு அனுப்பட்டும், அங்குள்ள உணரி, வந்த இரண்டும் ஒன்றா வேறா என்று மட்டும் சொல்லட்டும். தான் அனுப்பியதை அறிந்தவர் மற்றவர் அனுப்பியதைக் கண்டுகொள்வார். உணரியை நடத்துபவர் எதிரியாக இருந்தாலும் திறப்பு அவருக்குத் தெரியாது. ஒளியை அனுப்பும் கருவியை மட்டும் நாங்கள் நம்ப வேண்டியிருக்கும்.