வாயுவுக்கு எத்தனை பிட் வேண்டும்?

தாமிரத் தகட்டின் மேல் கிராஃபீன், அதாவது ஓரணு கனமுள்ள கார்பன் படலம், வளர்க்கப் பெரிய சாமான் பட்டியல் தேவையில்லை. குவார்ட்ஸ் குழாய், 1000 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும் உலை, மீத்தேன், ஹைட்ரஜன், ஆர்கான். 2009இல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த முறையை வெளியிட்ட பிறகு பல ஊர் ஆய்வகங்களில் இந்த உலை குடியேறிவிட்டது. படலம் நன்றாக வருமா என்பது வாயுக்கள் போகும் அளவைப் பெரிதும் பொறுத்தது. எனவே சிலிண்டருக்கு ஒன்றாக மூன்று எம்எஃப்சி, அதாவது மாஸ் ஃப்ளோ கண்ட்ரோலர்: வாயு ஓட்டத்தை அளந்து கட்டுப்படுத்தும் கருவி. அவற்றைக் கணினியோடு இணைக்க, வோல்ட்டை எண்ணாகவும் எண்ணை வோல்ட்டாகவும் மாற்றும் ஒரு டேக் கார்டு. எதை வாங்குவது?

எம்எஃப்சிக்குள் மெல்லிய குழாய் ஒன்று இருக்கிறது. அதைச் சூடாக்கி, இரண்டு இடங்களில் வெப்பநிலை பார்க்கிறார்கள். வாயு ஓடாதபோது இரண்டும் சமம். ஓடினால் வெப்பத்தை முன்னே தள்ளிக்கொண்டு போகும்; அந்த வித்தியாசம்தான் ஓட்டத்தின் அளவு. அளக்கப்படுவது வெப்பம் என்பதால் வாயு மாறினால் கணக்கும் மாறும். ஒரு மோல் நைட்ரஜனைச் சூடாக்க ஆகும் வெப்பம் 29 என்றால் ஆர்கானுக்கு ஏறக்குறைய 21தான். நைட்ரஜனுக்கு அளவிட்ட கருவியில் ஆர்கானை விட்டு 100 என்று காட்டினால், உண்மையில் போவது சுமார் 140.

வெளியுலகோடு பல எம்எஃப்சிகள் பேசும் மொழி எளிது. 0 முதல் 5 வோல்ட் கொடுத்தால் அந்த விகிதத்தில் வாயு ஓடும்படி வால்வைத் திறக்கும். எவ்வளவு போகிறது என்பதை இன்னொரு ஒயரில் 0 முதல் 5 வோல்ட்டாகவே திருப்பிச் சொல்லும்.

கார்டு வாங்கப் போகிறவர்கள் முதலில் பிட்டைத்தான் பார்க்கிறார்கள். 16 பிட் இருந்தால் கௌரவம் என்று ஒரு நினைப்பு. கணக்குப் போடுவோம். 12 பிட் என்றால் 4096 படிகள். 5 வோல்ட்டில் ஒரு படி 1.2 மில்லிவோல்ட். எம்எஃப்சியின் முழு அளவு நிமிடத்துக்கு 100 கன சென்டிமீட்டர் என்றால், ஒரு படி 0.024 கன சென்டிமீட்டர். முழு அளவில் 1 சதவீதம் துல்லியம் தரும் கருவிக்கு இது தாராளம். வேகமும் அப்படித்தான். வால்வு நிலைக்கு வரவே ஒரு வினாடி போல ஆகும்; வினாடிக்கு லட்சம் முறை அளந்து என்ன செய்யப் போகிறோம்?

உண்மையில் எண்ண வேண்டியது வெளியீடுகளை. நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் யூஎஸ்பி-6008 கார்டில் அனலாக் உள்ளீடு எட்டு, வெளியீடு இரண்டே இரண்டு. லேப்ஜாக் டி7இலும் வெளியீடு இரண்டுதான். நமக்கோ வாயு மூன்று. இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு, அப்புறம் மூன்றாவது எம்எஃப்சியைக் கையால் திருகுகிறவர்கள் உண்டு.

சரி, ஆர்டுயினோ என்ற சிறு நிரல் பலகையும், எண்ணை வோல்ட்டாக்கும் மலிவான 12 பிட் டிஏசி சில்லும் போதாதா? போதும், ஒரு பொறியைத் தாண்டினால். அந்தச் சில்லுகள் சில, யூஎஸ்பி தரும் மின்னழுத்தத்தையே 5 வோல்ட் என்று நம்புகின்றன. அது 4.8 ஆக இருந்தால், நீங்கள் 50 கேட்க 48தான் ஓடும். ஆர்டுயினோ ஊனோவின் உள்ளீடும் இயல்பாக அதே மின்னழுத்தத்தை வைத்தே அளப்பதால், திரையில் 50 என்றே தெரியும். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் சாட்சி. எப்போதும் ஒரே மின்னழுத்தம் தரும் ரெஃபரன்ஸ் சில்லு ஒன்றைத் தனியாக வைத்தால் இது தீரும்.

இன்னொரு வில்லன் ஒயர். வால்வுக்கான மின்னோட்டம் கால் ஆம்பியர் என்று வையுங்கள். திரும்பி வரும் கிரவுண்டு ஒயரின் மின்தடை 0.1 ஓம் என்றால், அதில் 25 மில்லிவோல்ட் விழும். சிக்னலும் அதே ஒயரைப் பகிர்ந்தால் அரை கன சென்டிமீட்டர் பிழை, நாம் கவலைப்பட்ட படியைப் போல இருபது மடங்கு. மீத்தேன் 10 மட்டும் விடும்போது இது 5 சதவீதம். ஆர்கானைத் திறந்ததும் மீத்தேனின் எண் நகர்கிறதா? நோய் இதுதான். சிக்னலுக்குத் தனி கிரவுண்டு ஒயர் இழுங்கள். உள்ளீட்டை டிஃபரன்ஷியலாக, அதாவது இரண்டு ஒயர்களின் வித்தியாசத்தை அளக்கும்படி இணையுங்கள். அப்போது 6008இன் எட்டு உள்ளீடு நான்காகக் குறையும், மூன்று வாயுவுக்கு அது போதும். புதிதாக எம்எஃப்சியே வாங்குவதானால் ஆர்எஸ்-485 என்ற டிஜிட்டல் இணைப்பு உள்ளதை வாங்குவேன். அளவு எண்ணாகவே வரும், டேக் கார்டே வேண்டாம்.

கடைசியாக, கணினி உறைந்துபோனால்? பல கார்டுகள் கடைசியாகச் சொன்ன வோல்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்; ஹைட்ரஜன் பாட்டுக்கு ஓடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது தீப்பிடிக்கக்கூடியது. எம்எஃப்சியின் வால்வு முழுதாக அடைக்கும் என்றும் நம்ப முடியாது. மின்சாரம் போனால் தானே மூடும் சோலினாய்டு வால்வு ஒன்று தனியாக வேண்டும். நிரல் சில வினாடிகள் பேசாவிட்டால் வெளியீட்டைச் சுழியாக்கும் வாட்ச்டாக் வசதியுள்ள கார்டாகவும் பாருங்கள். கார்டு வந்த அன்றே, ஹைட்ரஜனுக்குப் பதில் நைட்ரஜனை ஓடவிட்டு, நிரலைப் பாதியில் கொன்றுவிட்டு எண்ணைக் கவனியுங்கள். பிறகு யூஎஸ்பி கேபிளையும் பிடுங்கிப் பாருங்கள்.