டைப்-சி சார்ஜர் ஏமாற்றினால்: ஐந்து வெள்ளியில் நியாயம் கேட்கும் வழி

ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் சட்டம் போட்டது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்பனைக்கு வரும் கைப்பேசி, டேப்லெட், கேமரா, ஹெட்ஃபோன் எல்லாவற்றுக்கும் டைப்-சி துளைதான். மடிக்கணினிக்கு 2026 ஏப்ரல் 28. அதன் பலன் மலேசியாவில் லோ யாட், கொம்தார் கடைகளில் வாங்கும் நமக்கும் கிடைக்கிறது. ஒரே சார்ஜர் வீட்டில் நாலு பேருக்குப் போதும். ஆனால் அந்தச் சட்டத்தைக் காட்டி இங்குள்ள கடைக்காரரிடம் வாதாட முடியாது. நமக்குக் கைகொடுப்பது மலேசியாவின் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். பெட்டியில் எழுதியதற்கும் விற்றவர் சொன்னதற்கும் பொருள் பொருந்த வேண்டும் என்கிறது அது. ஆகவே என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் உங்கள் வழக்கே.

துளை ஒன்றாகிவிட்டது, உள்ளே இருப்பது ஒன்றாகவில்லை. மலிவான மேசை விசிறி, டார்ச், முடிவெட்டும் மெஷின் ஆகியவற்றில் அடிக்கடி வரும் கோளாறு இது: பழைய செவ்வக முனை (யுஎஸ்பி-ஏ) வயரில் சார்ஜ் ஏறும், இரு பக்கமும் சி உள்ள வயரில் ஏறாது. துளைக்குப் பின்னால் இருக்க வேண்டிய இரண்டு 5.1 கிலோ ஓம் மின்தடைகளைச் சில காசு மிச்சம் பிடிக்க விட்டுவிடுகிறார்கள். அவை இல்லாவிட்டால் டைப்-சி சார்ஜர் மின்சாரமே அனுப்பாது. "உங்கள் சார்ஜர்தான் சரியில்லை" என்று கடையில் சொல்வார்கள். அங்கேயே அவர்களுடைய சார்ஜரிலும் வயரிலும் செருகிக் காட்டச் சொல்லி, வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வயரிலும் வினை உண்டு. சாதாரண சி வயர் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரைதான். அதற்கு மேல் போக முனைக்குள் அடையாளச் சில்லு வேண்டும். 65 வாட் மடிக்கணினி சார்ஜரோடு சாதாரண வயரைப் போட்டால் 60-இல் நின்றுவிடும். அது வயர் விற்றவரின் குற்றமில்லை. பெட்டியில் "100 வாட்" என்று போட்டுவிட்டுச் சில்லு வைக்காதது குற்றம். வெறும் "டைப்-சி" என்று மட்டும் இருந்தால் வாட் குறைவு என்று கேட்க உங்களிடம் ஒன்றுமில்லை. "80 வாட் அதிவேகம்" என்றால், எந்தச் சார்ஜரிலுமா, அந்தக் கம்பெனி சார்ஜரில் மட்டுமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதிலை வைத்திருங்கள். வாய்வார்த்தையை நிரூபிப்பது கடினம்.

சுவரில் செருகும் சார்ஜரில் சிரிம் (தரச் சான்று அமைப்பு) முத்திரை இல்லையா, வாங்காதீர்கள். எவ்வளவு மலிவானாலும் சரி.

இனி அலைச்சல். முதல் பொறி: உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகார் கொடுத்துவிட்டுப் பணம் வரும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பது. புகார் கொடுத்தால் அதிகாரிகள் கடையைப் பார்ப்பார்கள். உங்கள் பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை யாரும் முகப்பில் சொல்வதில்லை. பணம் வேண்டுமென்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் பாரம் 1 என்ற படிவத்தைப் பதியுங்கள். கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்), உச்சவரம்பு 50,000 வெள்ளி, மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். இணையத்திலும் பதியலாம்.

பாரத்தில் பலர் தடுக்கி விழுவது கடைப் பெயரில். பெயர்ப்பலகையில் இருப்பது ஒன்று, எஸ்.எஸ்.எம் எனும் நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிவானது வேறு. ரசீதின் தலையிலோ அடியிலோ உள்ள பதிவு எண்ணை வைத்துச் சரிபாருங்கள். பெயரோ முகவரியோ தப்பினால் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரலாம். ரசீதை உங்கள் கம்பெனி பெயரில் போடச் சொல்லாதீர்கள்: தொழிலுக்கு வாங்கியவர் இந்தச் சட்டத்தில் பயனீட்டாளர் அல்ல என்று கடைக்காரர் வாதாடலாம். தனியார் ஒருவர் தன் பழைய போனை விற்றிருந்தால் அதுவும் இங்கே எடுபடாது. விற்பவரின் முகவரி வெளிநாடு என்றால் பணம் வாங்குவது குதிரைக் கொம்பு. இணையத்தில் வாங்கும் முன்பே அதைப் பாருங்கள். விளம்பரப் பக்கத்தையும் அப்போதே படம் பிடித்து வையுங்கள். புகார் போனதும் "100 வாட்" என்ற வரி காணாமல் போகும்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று ரசீதில் அச்சடித்திருந்தால் மிரள வேண்டாம். சட்டம் தரும் உரிமையை அந்த வரி பறிக்காது. நிறம் பிடிக்கவில்லை என்பதற்கு மட்டும் சட்டம் துணை வராது. "வாரண்டி சென்டருக்குப் போங்கள்" என்று கைகழுவினாலும் விற்றவர் பொறுப்பு போகாது. கோளாறு தெரிந்த அதே வாரம் கடைக்கு எழுத்தில் சொல்லி, ஒரு வாரக் கெடு கொடுங்கள். பல மாதம் பயன்படுத்திவிட்டு வந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை கைவிட்டுப் போகலாம்.

விசாரணைக்கு வழக்கறிஞர் கிடையாது. சார்ஜர், வயர், சாதனம் மூன்றையும் கையோடு கொண்டு போய்ச் செருகிக் காட்டுங்கள். காகிதத்தைவிட அது பேசும். நீங்கள் போகாவிட்டால் வழக்கு தள்ளுபடியாகலாம். கடைக்காரர் வராவிட்டால் உங்கள் பக்கம் தீர்ப்பாகலாம். தீர்ப்புக்குப் பின் அவருக்கு 14 நாள். அதற்குள் செலுத்தாவிட்டால் அது குற்றம். பதினைந்தாம் நாளே தீர்ப்பாயத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அவர்களாக வந்து விசாரிப்பார்கள் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.