டென்சிற்றி பங்ஷனல்: ‘செயல்பாடு’ எங்கிருந்து வந்தது?

வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ பௌதிகவியல் படிக்கும் பிள்ளை ஒன்று, ஓர் அணுவளவே தடிப்புள்ள கிரபீன் தாளில் இலத்திரன்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று ஆராய நினைத்தால் விலைகூடிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. குவாண்டம் எஸ்பிரெசோ போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சின்னக் கணிப்புக்கு மடிக்கணினியே போதும். சிக்கல், செய்த வேலையைத் தமிழில் சொல்லப்போகும்போது வருகிறது. அந்தக் கணிப்பு முறையின் பெயர் டென்சிற்றி பங்ஷனல் தியறி. அவசர மொழிபெயர்ப்பில் அது ‘அடர்த்தி செயல்பாட்டுக் கோட்பாடு’ ஆகிவிடுகிறது. இலக்கணப் பிழை ஏதுமில்லை, பொருள்தான் இல்லை.

பங்ஷனல் என்பதைப் பெயரடையாக எடுத்துக்கொண்டதால் வந்த வினை இது. உயர்தர இரசாயனவியலில் ‘தொழிற்பாட்டுக் கூட்டம்’ படித்த பிள்ளைக்கு அந்தச் சொல் அப்படித்தான் காதில் விழும். இங்கே அது பெயர்ச்சொல். கணிதத்தில் ஒரு குறிப்பிட்ட பொருளுக்கு இடப்பட்ட பெயர்.

அந்தப் பொருள் என்ன? மட்டக்களப்பு வாவியை எடுத்துக்கொள்வோம். கல்லடிப் பாலத்தடியில் ஓர் ஆழம், வலையிறவுப் பக்கம் இன்னோர் ஆழம். இடத்தைச் சொன்னால் ஆழம் கிடைக்கும்: இது சார்பு. இனி, வாவியில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று கேளுங்கள். ஓரிடத்து ஆழத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது. எல்லா இடத்து ஆழமும் சேர்ந்த முழு வரைபடமும் வேண்டும். முழுச் சார்பையும் உள்ளே வாங்கி ஒரேயோர் எண்ணை வெளியே தருகிறதே, அந்த இரண்டாவதுதான் பங்ஷனல்.

சொல்லின் வேர் இலத்தீன். ‘பங்க்ற்றியோ’ என்றால் கடமையை நிறைவேற்றுதல். நம் வீடுகளில் சாமத்திய வீட்டையும் கலியாணத்தையும் ‘பங்ஷன்’ என்கிறோமே, அதுவும் இந்த வேரில் முளைத்ததே. கணிதத்துக்குள் இதைக் கொண்டுவந்தவர் லைப்னிற்ஸ், 1673இல் எழுதிய ஒரு கையெழுத்துப் படியில். வளைகோடு ஒன்றுக்குத் தொடலி போன்ற கோடுகள் ஆற்றும் பணி என்ற கருத்தில் ஆண்டார். மாறிகளாலும் மாறிலிகளாலும் ஆன கணியம் என்று 1718இல் வரையறை தந்தவர் யோகான் பேர்னூலி. வேடிக்கை என்னவென்றால், அதே பேர்னூலி 1696இலேயே, எந்த வளைவின் வழியே சறுக்கினால் ஒரு பாசிமணி மிக விரைவாகக் கீழே வந்துசேரும் என்று ஒரு புதிர் போட்டிருந்தார். சறுக்கும் நேரம் முழு வளைவையும் பொறுத்தது. ஆக, பங்ஷனல் என்ற பெயர் பிறக்க முன்னரே பொருள் பிறந்துவிட்டது. இத்தாலியரான வொல்ற்றெரா 1887இல் ‘வேறு சார்புகளில் தங்கிய சார்புகள்’ என்று சுற்றிவளைத்து எழுதினார். பிரெஞ்சுக்காரர் ஹடமார்ட் 1910இல் வெளியிட்ட நூலில் அது ‘பொங்ஷனெல்’ என்ற தனிப் பெயரைப் பெற்றது. ஆங்கிலம் அதையே வாங்கிக்கொண்டது.

தமிழில் பங்ஷனுக்குச் ‘சார்பு’ என்பது நன்றாக வேரூன்றிவிட்டது. இணைந்த கணிதம் படித்தவர் எவருக்கும் அதை விளக்கத் தேவையில்லை. என் கணக்கில் இது மூலத்தைவிடத் திறமான சொல். இலத்தீன் ‘கடமை’ என்கிறது; ஒன்று மாற மற்றது மாறும் என்ற கணிதக் கருத்துக்கு நேரே போவது ‘சார்தல்’தான். சாராமாறி, சார்ந்த மாறி எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன. வேரும் பழையது. தானாக நில்லாமல் வேறெழுத்தை அண்டி வருவதைச் சார்பெழுத்து என்கிறோம். தொல்காப்பியம் அவற்றை மூன்றென்றும் நன்னூல் பத்தென்றும் எண்ணுகின்றன.

சரி, அடர்த்தி ஏன் வந்தது? திணிவைக் கனவளவால் பிரித்து வரும் அடர்த்தி அல்ல இது. இடத்துக்கு இடம் இலத்திரன்கள் எவ்வளவு செறிந்துள்ளன என்பதே இங்கு கணக்கு. சக்திச்சொட்டுப் பொறியியலை (குவாண்டம் மெக்கானிக்ஸ்) நேரடியாகப் பயன்படுத்தினால் ஒவ்வோர் இலத்திரனுக்கும் மூன்று ஆள்கூறுகள் வேண்டும். கிரபீனின் அலகுக் கலத்தில், அதாவது திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய துண்டில், 2 காபன் அணுக்கள், 12 இலத்திரன்கள். அவை எல்லாவற்றின் நிலையையும் சேர்த்துச் சொல்லும் அலைச்சார்புக்கு 36 மாறிகள். ஒவ்வொரு மாறிக்கும் வெறும் 10 புள்ளிகள் வைத்தாலும் 1க்குப் பின்னால் 36 பூச்சியங்கள் போட்டு வரும் அத்தனை எண்களைச் சேமிக்க வேண்டும். அடர்த்திக்கோ எத்தனை இலத்திரன் இருந்தாலும் மூன்றே மாறிகள். அதே 10 புள்ளிக் கணக்கில் 1,000 எண்கள். கிரபீன்போல மெல்லிய தாளாகும் மொலிப்டினம் இருசல்பைட்டுக்கு 74 இலத்திரன்கள், அங்கும் 1,000தான்.

அடர்த்தி மட்டும் தெரிந்தால் போதுமா என்பதுதான் கேள்வி. தோமசும் பேர்மியும் 1927இலேயே தனித்தனியாக முயன்று பார்த்தார்கள், மிகவும் பருமட்டாக. போதும் என்று நிறுவியவர்கள் ஹோஹன்பேர்க்கும் கோனும். தரைநிலைச் சக்தி (மிகக் குறைந்த சக்தி) முழுவதும் அடர்த்தியின் பங்ஷனலே என்பது அவர்களுடைய 1964ஆம் ஆண்டுத் தேற்றம். மறுவருடம் கோனும் ஷாமும் அதைக் கணிப்புக்கு உதவும் வடிவில் தந்தார்கள். இதற்காக 1998இன் இரசாயனவியல் நொபெல் பரிசில் பாதி கோனுக்குக் கிடைத்தது. பரிசு பெற்றவர் பௌதிகவியலாளர்.

தேற்றம் ஒன்றைச் சொல்லாமல் விட்டது: அந்தப் பங்ஷனலின் சரியான வடிவம் என்ன? இன்றுவரை எவருக்கும் தெரியாது. இலத்திரன்கள் ஒன்றையொன்று விலக்கி நடக்கும் சிக்கலான பங்கை அண்ணளவாகவே எழுதுகிறார்கள். 1996இல் பெர்டியூ, பேர்க், ஏர்ன்சர்ஹோஃப் மூவரும் தந்த, அவர்களுடைய பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளால் வழங்கும் பீ.பீ.ஈ. அவற்றில் மிகவும் புழங்குபவற்றுள் ஒன்று. எதைத் தெரிவுசெய்கிறோமோ அதற்கேற்ப விடை மாறும், அதுவும் பட்டை இடைவெளியில், அதாவது கட்டுண்ட இலத்திரன் ஒன்று விடுபட்டு ஓடத் தேவையான சக்தியில், மோசமாக. சிலிக்கனுக்கு அளந்த பெறுமானம் 1.1 இலத்திரன்வோல்ற்று, பீ.பீ.ஈ. தருவது 0.6 அளவு. ஒரேயொரு படலமான மொலிப்டினம் இருசல்பைட்டில் கதை இன்னும் கள்ளத்தனமானது. பீ.பீ.ஈ. 1.7 அளவில் தரும். ஒளியைக் கொண்டு அளந்தால் 1.8, 1.9. அருமையாகப் பொருந்துகிறது என்று மகிழக் கூடாது. இலத்திரனைத் தனியே பிரித்தெடுக்கும் உண்மையான இடைவெளி 2.5ஐயும் தாண்டும் என்று நுட்பமான கணிப்புகள் காட்டுகின்றன. இலத்திரனும் அது விட்டுச்சென்ற துளையும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் ஒளி காணும் இடைவெளி சுருங்குகிறது. இரண்டு பிழைகள் தற்செயலாக ஒன்றையொன்று ஈடுசெய்திருக்கின்றன. எந்தப் பங்ஷனல் என்று எழுதாத கட்டுரையை நம்ப முடியாதது இதனால்தான். எழுதுவதற்குத் தமிழில் பெயர் வேண்டியதும் இதனால்தான்.

‘சார்பியம்’ என்றால் பெண்ணியம், மார்க்சியம் வரிசையில் ஒரு கொள்கைபோல ஒலிக்கிறது. ‘சார்பியல்’ ஐன்ஸ்டைனிடம் போய்விட்டது. ‘சார்பகம்’ ஏதோ அலுவலகம். ‘சார்பின் சார்பு’ வொல்ற்றெராவுக்கு நெருக்கமானது, ஆனால் ஒரு சார்புக்குள் இன்னொன்றைப் பிரதியிடும் சேர்த்திச் சார்பாகவே மாணவர் அதை விளங்கிக்கொள்வர். கலைச்சொல்லைத் தமிழ் வேரிலேயே ஆக்க வேண்டும் என்று பாடுபட்டவர் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். இரசாயனவியல் கற்பித்தவர், சென்னையில் 1936இல் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவர் வழியில் நின்று பார்த்தால் ‘மேற்சார்பு’ எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஒரு நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு மேலே போய்ச் செய்யும் முறையீடு மேன்முறையீடு என்று வழங்குகிறதே, அதே புணர்ப்பு: சார்பின் மேல் நிற்கும் சார்பு.

ஆகவே முறையின் பெயர் அடர்த்தி மேற்சார்புக் கோட்பாடு. கட்டுரையில், ‘ஒற்றைப் படலக் கிரபீனின் பட்டை அமைப்பு பீ.பீ.ஈ. மேற்சார்பைக் கொண்டு கணிக்கப்பட்டது’ என்று எழுதலாம். முதல் தடவை மட்டும் பக்கத்தில் ‘பங்ஷனல்’ என்று போட்டுவிட்டால் புதிதாகப் படிப்பவருக்கும் இடறாது.