40 வயதில் ஸ்டாப்பர்: தியாகோ சில்வா நேரத்தை எங்கிருந்து எடுத்தார்?

2025 ஜூன் 30. கால்பந்து கிளப் உலகக் கோப்பையின் நாக்-அவுட் சுற்று. பிரேசிலின் ஃப்ளுமினென்சே, இத்தாலியின் இண்டர் மிலானை 2-0 என்று வீழ்த்தியது. ஒரு மாதம் முன்புதான் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் ஆடிய அணி இண்டர். அந்த அணியை ஒரு கோல்கூடப் போடவிடாத தடுப்பு வரிசையின் நடுவில் நின்ற கேப்டன் தியாகோ சில்வாவுக்கு அன்று வயது 40 முடிந்து ஒன்பது மாதம்.

முப்பதைத் தாண்டியதும் தசையில் முதலில் குறைவது வெடித்துக் கிளம்பும் வேகம். தொடையிலும் கெண்டைக்காலிலும் உள்ள வேகத் தசைநார்கள் மெலிகின்றன, அவற்றைச் சுருங்கச் சொல்லும் நரம்பிணைப்புகளும் குறைகின்றன. நீண்ட நேரம் ஓடும் திறன் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. அதனால் வயதான ஸ்டாப்பருக்கு, அதாவது தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவருக்கு, 90 நிமிடம் ஆடுவது பெரிய சிக்கல் இல்லை. ஒரு ஆட்டத்தில் அவர் ஓடும் தூரம் சுமார் 9 முதல் 10 கிலோமீட்டர், நடுக்கள ஆட்டக்காரர்களைவிடக் குறைவு. சிக்கலெல்லாம் முதல் 20 மீட்டரில்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இளம் ஸ்ட்ரைக்கர் (கோல் அடிக்கும் முன்வரிசை ஆட்டக்காரர்) நின்ற இடத்திலிருந்து 20 மீட்டரை 2.9 நொடியில் கடக்கிறார், ஸ்டாப்பருக்கு 3.15 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கால் நொடிதான் வித்தியாசம். ஆனால் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் போகிறவருக்குக் கால் நொடி என்பது 2 மீட்டர். கோல்கீப்பரோடு தனியாக நிற்க அது போதும்.

அந்த 2 மீட்டரைக் காலால் மீட்க முடியாது, கண்ணால் மீட்கலாம். 35 மீட்டர் நீளப் பாஸ் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்தால் காற்றில் இருப்பது 1.75 நொடி. கண்ணில் பட்டதைக் காலுக்குக் கொண்டுபோக மூளைக்கு ஏறக்குறைய 0.2 நொடி பிடிக்கும். பயிற்சியால் இதைப் பெரிதாகக் குறைக்க முடியாது. எனவே பந்து உதைபடும் வரை காத்திருப்பவர் அந்த 0.2 நொடியை இழந்துவிட்டுத்தான் ஓடத் தொடங்குகிறார். தேர்ந்த ஸ்டாப்பர் காத்திருப்பதில்லை. பாஸ் கொடுப்பவர் பந்தைக் கொஞ்சம் முன்னே தட்டிவிட்டுத் தலையைத் தூக்குகிறார், ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில் விழுகிறது, இடுப்பு திறக்கிறது, உதைக்கும் கால் பின்னுக்குப் போகிறது. இதற்கெல்லாம் அரை நொடியாவது ஆகும். அந்த அரை நொடியில் மெதுவோட்டமாகவே பின்னுக்கு வந்தாலும் 2 மீட்டர் கிடைத்துவிடும். மேலே கடனாக நின்ற அதே 2 மீட்டர்.

ஆய்வகத்திலும் இதைச் சோதிக்கிறார்கள். ஆட்டத்தின் காணொளியைப் பந்து உதைபடுவதற்குச் சற்று முன் நிறுத்திவிட்டு, பாஸ் எங்கே போகும் என்று கேட்பார்கள். அனுபவம் உள்ளவர்கள் புதியவர்களைவிடத் திரும்பத் திரும்பச் சரியாகச் சொல்கிறார்கள். அவர்களுடைய பார்வை பந்தில் மட்டும் நிலைகுத்தி நிற்காது. பந்து வைத்திருப்பவரின் இடுப்பு, ஓடத் தயாராகும் ஸ்ட்ரைக்கர், தனக்குப் பின்னால் உள்ள வெற்றிடம் என்று சுற்றி வரும்.

நிற்கும் விதமும் இந்தக் கணக்கில் சேரும். இரண்டு பாதமும் பந்தை நோக்கிச் சமமாக இருந்தால், பின்னால் விழும் பந்துக்கு உடம்பை முழுதாகத் திருப்ப வேண்டும். அதற்கு 0.4 நொடி ஆனால், நொடிக்கு 7 மீட்டரில் ஓடுபவர் 2.8 மீட்டர் போய்விடுவார். ஆகவே ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, முழங்கால் லேசாக மடங்கி, தோள் பாதி திரும்பி நிற்க வேண்டும். இதில் ஆபத்தும் உண்டு. பாஸ் கொடுப்பவர் பாவனை காட்டி ஏமாற்றினால், முழு வேகத்தில் பின்னுக்கு ஓடியவர் தன் வரிசையையே உடைத்து ஸ்ட்ரைக்கரை ஆஃப்சைடிலிருந்து (தடுப்பு வரிசையைத் தாண்டி நின்று பாஸ் வாங்கக் கூடாது என்ற விதியிலிருந்து) விடுவித்துவிடுவார். அதனால்தான் முதல் இரண்டு அடி எப்போதும் சிறியது.

ஷாட்டைத் தடுப்பதிலும் வடிவியல்தான். கோல் கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டர். பாக்ஸின் (பெனால்டிப் பகுதியின்) விளிம்பில், 16.5 மீட்டர் தூரத்தில், நடுவிலிருந்து ஒருவர் அடிக்கிறார். அவருக்கு 5 மீட்டர் முன்னால் நிற்கும் ஸ்டாப்பர் மறைக்க வேண்டிய அகலம் 2.2 மீட்டர், நடக்காத காரியம். 2 மீட்டர் முன்னால் நின்றாலோ 90 சென்டிமீட்டருக்கும் குறைவு, ஒரு காலை நீட்டினால் மூடிவிடலாம். ஆக, கடைசிச் சில மீட்டரை நெருங்கும் விதத்தில்தான் எல்லாம். பாய்ந்து வந்து, கடைசி 3 மீட்டரில் அடிகளைச் சிறிதாக்கி வேகத்தைக் கொல்ல வேண்டும். வந்த வேகத்திலேயே காலை விட்டால் எடை முழுவதும் முன்காலில் இறங்கும், எதிராளி பந்தை ஓரமாகத் தட்டிப் போய்விடுவார். பந்து கையில் பட்டால் வரும் பெனால்டிக்குப் பயந்து கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால் சமநிலைக்குக் கை தேவை. கட்டிய கையோடு திசை மாறுவது கடினம் என்பதால், ஷாட் வரும் கணம் வரை கட்டாமல் இருப்பவரே கெட்டிக்காரர்.

சில்வாவின் உயரம் 1.80 மீட்டருக்குச் சற்று மேல், ஸ்டாப்பர்களில் இது பெரிய உயரமில்லை. தலையால் பந்தை முட்டும் ஹெடிங்கில் அவர் நம்பியது நேரக் கணிப்பை. அரை மீட்டர் எம்பினால் காற்றில் இருக்கும் நேரம் மொத்தம் 0.64 நொடி. அதில் சரிபாதி, 0.32 நொடி, உச்சியின் கடைசி 12.5 சென்டிமீட்டருக்குள்ளேயே கழிகிறது. உச்சிக்கு 0.16 நொடி முன்போ பின்போ பந்து வந்தால்கூட இழப்பு ஒரு சாண் அளவைத் தாண்டாது. அதற்கு மேல் பிசகினால் உயரம் மளமளவென்று குறையும், 1.90 மீட்டர் ஆள்கூடத் தோற்பார்.

இந்த உடம்பு இருபதாம் வயதிலேயே முடிந்துபோயிருக்க வேண்டியது. 2005இல் போர்ட்டோவிலிருந்து மாஸ்கோவின் டைனமோ அணிக்குப் போன சில்வாவுக்குக் காசநோய் என்று தெரியவந்தது. அங்கே ஒரு ஆட்டம்கூட ஆடாமல் மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். காசநோய்க் கிருமி இரட்டிப்பாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், அவ்வளவு மெதுவானது. பெரும்பாலான மருந்துகள் பெருகும் கிருமியைத்தான் எளிதில் கொல்லும். அதனால்தான் வழக்கமான சிகிச்சையே ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்பியூட்டால் என நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் முதல் இரண்டு மட்டும். உடம்பு தேறியதும் பாதியில் நிறுத்தினால், பதுங்கியிருந்தவை மருந்துக்கு அடங்காத வகையாகவே திரும்பி வரலாம்.

ஆறிய பிறகு நுரையீரலில் தழும்பு நிற்கலாம். தழும்பு பட்ட இடத்தில் காற்று மாற்றம் நடக்காது. ஆனாலும் ஒருவர் ஓட்டக்காரராகத் திரும்ப முடிகிறதென்றால் காரணம் இருக்கிறது. முழு மூச்சில் ஓடும்போது பெரும்பாலானவர்களுக்கு முதலில் எல்லையைத் தொடுவது இதயம் இறைக்கும் ரத்தத்தின் அளவு, நுரையீரலுக்கு உபரித் திறன் மிச்சமிருக்கும். சேதம் சிறிதாக இருந்தால் அந்த உபரி ஈடுகட்டிவிடும். 2006இல் ஃப்ளுமினென்சேவில் மறுபடி தொடங்கி, 2009இல் ஏசி மிலான், 2012இல் பாரிஸ் செயின்ட்-ஜெர்மைன் என்று போனார். பாரிஸில் மட்டும் ஏழு லீக் பட்டங்கள்.

2020இல் 35 வயதில் இங்கிலாந்தின் செல்சிக்கு வந்தபோது பலரும் உதட்டைப் பிதுக்கினார்கள். பிரீமியர் லீகில் முதல் ஆட்டம் வெஸ்ட் ப்ராம்விச்சோடு. கடைசி ஆளாக நின்ற சில்வாவின் காலடியில் பந்து நழுவியது, கேலம் ராபின்சன் எடுத்துக்கொண்டு போய்க் கோலாக்கினார். கடைசி ஆளின் தவறுக்குப் பின்னால் யாருமில்லை, எத்தனை முன்கணிப்பு இருந்தாலும் அந்த இடத்தில் உதவாது. அதே பருவத்தில் அதே வெஸ்ட் ப்ராம்விச்சோடு ஆடும்போது அரை மணி நேரத்துக்குள் இரண்டு மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறினார். தாமதமான பாய்ச்சல் கொடுக்கும் விலை அது.

2021 ஜனவரியில் பயிற்சியாளராக வந்த தாமஸ் டூகல் மூன்று ஸ்டாப்பர் முறைக்கு மாறினார். மைதானத்தின் அகலம் 68 மீட்டர். நடுவில் இருவர் மட்டும் இருந்தால், பக்கத்து ஃபுல்-பேக் (ஓரத் தடுப்பாளர்) முன்னே போனதும் ஓரத்து வெற்றிடத்துக்கு ஒருவர் ஓடியே ஆக வேண்டும். மூவர் இருந்தால் ஓரத்துக்கு ஓடுவது பக்கத்து ஸ்டாப்பரின் வேலை. நடுவில் நிற்பவருக்கு ஓட்டம் குறைகிறது, வாசிக்கும் வேலை கூடுகிறது. நமக்குத் தெரிந்தவரை அவருடைய கடைசி ஐந்தாண்டை நீட்டித்ததில் இந்த மாற்றத்துக்கே பெரிய பங்கு. அந்தப் பருவத்திலேயே செல்சி சாம்பியன்ஸ் லீகை வென்றது. இறுதிப் போட்டியின் 39ஆம் நிமிடத்தில் தொடை இடுக்குக் காயத்தோடு அவர் வெளியேற வேண்டியிருந்தது.

சில்வா பழைய ஃப்ளுமினென்சேவுக்கே திரும்பிய பிறகு, இண்டருக்கு எதிராக அந்த அணி ஆடியதும் மூன்று ஸ்டாப்பரோடுதான், வரிசை பாக்ஸுக்கு அருகிலேயே இறங்கி நின்றது. பின்னால் 15 மீட்டர் மட்டும் இருந்தால் வேகமான ஸ்ட்ரைக்கருக்கு வேகமெடுக்கவே இடமில்லை. அதே கிளப் உலகக் கோப்பையின் அரையிறுதியில் செல்சியோடு முதலில் கோல் வாங்கியதும் அந்தச் சௌகரியம் போனது. சமன் செய்ய வரிசை முன்னேறியாக வேண்டும், முன்னேறினால் பின்னால் 40 மீட்டர் திறந்துகிடக்கும். இரண்டாவது பாதியில் எதிர்த்தாக்குதல் ஒன்றில் செல்சியின் ஜோவாவ் பெட்ரோ பந்தோடு பாக்ஸுக்குள் புகுந்து, கோலின் குறுக்குக் கம்பத்தின் அடிப்பக்கத்தில் பட்டு உள்ளே போகும்படி அடித்தார். ஆட்டம் 2-0. ஜோவாவ் பெட்ரோவும் ஃப்ளுமினென்சேவின் இளையோர் அணியில் வளர்ந்தவர்தான்.