விருந்தாளி படகில் ஏறும் நாள்

தன்னார்வ முக்குளிப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன் நான். எந்த நாளில் எனக்குப் பயம் அதிகம் என்று கேட்டால் காற்றடிக்கும் நாளையோ, நீரோட்டம் வலுத்த நாளையோ சொல்ல மாட்டேன். அந்த நாள்களில் கடலில் இறங்காமல் இருந்துவிடலாம். எல்லோரும் போற்றும் கடல் அறிவியலாளர் ஒருவர் எங்கள் படகில் ஏறும் நாள்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். அன்று ஒருவரும் தன்னோடு ஜோடியாக இறங்குபவரின் காற்றுக் கலன் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. எல்லாக் கண்களும் அவர் மேல்தான்.

அந்த ஆர்வத்தை நான் குறை சொல்லவில்லை. அமெரிக்கக் கடல் அறிவியலாளர் சில்வியா ஏர்லின் கதையைக் கேட்டுத்தான் என்னிடம் பாதிப் பேர் வருகிறார்கள். 1970-இல் பெண்கள் மட்டுமே இருந்த குழுவுக்குத் தலைமை ஏற்று, டெக்டைட் என்ற கடலடிக் கூடத்தில் இரண்டு வாரம் வாழ்ந்தவர். 1979-இல் கவசம் போன்ற ஜிம் உடையை அணிந்து 381 மீட்டர் ஆழத்தில் கடல் தரையில் நடந்தவர். இதைச் சொல்பவர்கள் அவருடைய துணிச்சலைச் சொல்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு சிறு நீர்மூழ்கியின் முகப்பில் அவரைக் கட்டித்தான் கீழே இறக்கினார்கள் என்பதையும், நடந்த நேரம் முழுவதும் ஒரு தொடர்புக் கம்பி அவரை அந்த நீர்மூழ்கியோடு இணைத்திருந்தது என்பதையும் நான்தான் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற முறை எங்களோடு பவளத்திட்டுக் கணக்கெடுப்புக்கு வந்தவரும் அப்படி மதிக்கப்படுபவர்தான். அவருக்குப் பக்கத்தில் நீந்தும் வாய்ப்பு ஓர் இளைஞருக்குக் கிடைத்தது. வழக்கமாகக் கலனில் 80 பார் (காற்றழுத்த அளவு) மிச்சத்தோடு மேலே வருபவர். அன்று அறிவியலாளருக்கு ஈடுகொடுக்கக் கால்களை வேகமாக அடித்தார். மூச்சும் அதற்கேற்ப ஏறியது. பாதி வேலை முடியுமுன் எனக்குச் சந்தேகம் வந்து, எவ்வளவு காற்று இருக்கிறது என்று சைகையில் கேட்டேன். எல்லாம் சரி என்று விரல்களை வளைத்துக் காட்டினார். எண்ணைக் கேட்டால் எண்ணைத்தான் காட்ட வேண்டும். 'சரி' என்று பதில் வந்தால் அங்கே ஏதோ சரியில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். நானே அழுத்தமானியைத் திருப்பிப் பார்த்தேன்: 60 பார். 50 பாரை இருப்பாக வைத்துக்கொண்டு படகேறுவது எங்கள் விதி. அந்த நொடியே எல்லோரையும் மேலேற்றினேன். உடலில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற, வழியில் 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்றோம்.

படகில் அந்த இளைஞர் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். அறிவியலாளர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "உங்கள் எழுதுபலகையைக் கொடுங்கள், தம்பி" என்று மட்டும் கேட்டார்.

தன்னார்வலர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இனிமேல்தான் இருக்கிறது. பவளத்திட்டுகளைக் கணக்கெடுக்க நாங்கள் பின்பற்றும் ரீஃப் செக் முறையில் 100 மீட்டர் நாடாவை விரித்து, அதில் இடைவெளி விட்டு 20 மீட்டர் கொண்ட நான்கு துண்டுகளில் எண்ணுவோம். நாடாவின் இரு பக்கமும் இரண்டரை மீட்டர்தான் எல்லை. அதற்கு வெளியே எவ்வளவு பெரிய களவா மீன் நின்றாலும் கணக்கில் வராது. அந்த இளைஞரின் பலகையில் ஒரே துண்டில் மூன்று களவா என்றிருந்தது. "மூன்றும் எல்லைக்குள்ளா?" என்றார் அறிவியலாளர். ஒன்றுதான் உள்ளே. மற்ற இரண்டும் அறிவியலாளரை மகிழ்விக்க உள்ளே நீந்தி வந்தவை!

அளவிலும் இதே கதைதான். தட்டையான முகமூடிக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது, ஒளி விலகலால் நீருக்குள் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 30 சென்டிமீட்டர் மீன் 40 போல நிற்கும். அதோடு பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்ற பூரிப்பும் சேர்ந்துகொண்டால் மீன் எவ்வளவு வளரும் என்று சொல்லத் தேவையில்லை. பலகையின் ஓரத்தில் சென்டிமீட்டர் கோடுகளை வரைந்துகொள்ளுங்கள். பலகையும் மீனும் ஒரே தூரத்தில் இருந்தால் இரண்டும் ஒரே அளவுக்குத்தான் பெரிதாகும்.

இன்னொரு பலகையில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. "இல்லை என்று எழுதாமல் விட்டீர்களா, பார்க்காமல் விட்டீர்களா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். அவருக்கே நினைவில்லை. தேடிப் பார்த்துக் காணவில்லை என்றால் பூஜ்யம். தேடவில்லை என்றால் ஒரு கோடு. வெறுங்கட்டத்தை எந்த ஆய்வாளராலும் பயன்படுத்த முடியாது. மீன் இல்லை என்பதும் தரவுதான், அதிலும் பல ஆண்டுகளுக்கு எண்ணப்படும் ஒரே திட்டில் அதன் மதிப்பு பெரிது.

நீருக்கடியில் அவரோடு கூட்டமாகப் படம் எடுக்க ஆசைப்பட்டவர்களையும் தடுத்தேன். கோபித்துக்கொண்டார்கள். பாறை போல் திரண்டு வளரும் பவளங்களில் பல வகைகள் ஆண்டொன்றுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கே வளர்கின்றன; ஒரு கைப்பிடி அளவு பவளத்துக்கே வயது பல ஆண்டுகள். ஆறு பேர் ஒரே இடத்தில் கேமராவைப் பார்த்துச் சிரிக்கும்போது கால்துடுப்பு எங்கே இடிக்கிறது என்று யார் பார்ப்பது? படமெல்லாம் படகில்தான்.

மறுநாள் காலையில் ஒரே ஒருமுறை கூட வாருங்கள் என்று கெஞ்சியவர்களுக்கு அவரே பதில் சொல்லிவிட்டார். மறுநாள் நண்பகலில் அவருக்கு விமானம். தொடர் முக்குளிப்புக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது. என் வேலை மிச்சம்.

மாலையில் பலகைகளைப் பார்த்து எண்களைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அந்த இளைஞர் வந்து நின்றார். "சார், கடைசித் துண்டில் நான் மீனைப் பார்க்கவே இல்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுதியது உத்தேசம்." நான் பேனாவை அவரிடம் கொடுத்தேன். அந்த 20 மீட்டருக்கான எண்களை அவரே கோடு போட்டு அடித்தார்.