டிஸ்டார்ஷன் பெடலைக் கொல்லும் வை-ஃபை அடாப்டர்

பெங்களூர் அல்சூரில் கிட்டார் பெடல், ஆம்ப் எல்லாம் பழுது பார்க்கிறேன். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சுண்ணா, இன்னிக்கு லைட்டே எரியல" என்று யாராவது டிஸ்டார்ஷன் பெடலை (கிட்டார் ஓசையைக் கரகரப்பாக்கும், காலால் அழுத்தும் சின்னப் பெட்டி) நீட்டினால், நான் முதலில் கேட்பது: "எந்த அடாப்டர் போட்ட?" பல நேரம் பதில், வீட்டு வை-ஃபை ரவுட்டருடையது.

இரண்டு அடாப்டருக்கும் பிளக் அளவு பெரும்பாலும் ஒன்றுதான், கச்சிதமாக உட்கார்ந்துவிடும். ஆனால் இன்றைய பெடல்களில் அநேகமானவை கேட்பது 9 வோல்ட், நடுவில் மைனஸ். ரவுட்டர் அடாப்டரோ பொதுவாக 12 வோல்ட், நடுவில் பிளஸ். தலைகீழாக மின்சாரம் வந்தால் சமாளிக்கப் பல பெடல்களில் ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் சின்ன உறுப்பு) இருக்கும். அது மட்டும் கருகியிருந்தால் உங்கள் நல்ல நேரம், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் சில ரூபாய்க்கு வேறு வாங்கிப் போட்டுவிடலாம். ஐ.சி.யும் (உள்ளே இருக்கும் சில்லு) போயிருந்தால் செலவு கூடும். எப்படியானாலும் 'சரி, இன்னொரு அடாப்டர் போட்டுப் பார்ப்போம்' என்று மட்டும் இறங்காதீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கரகர ஓசையே ஒரு பழுதில் பிறந்தது. அமெரிக்காவின் நாஷ்வில்லில் பாடகர் மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' பாட்டைப் பதிவு செய்தபோது மிக்சிங் கருவியில் கோளாறு. கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் உறுமியது. 1961-ல் பாட்டு வெளிவந்ததும் ஆளாளுக்கு அந்த ஓசையைக் கேட்டார்கள். ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்னாடி அதை டிரான்சிஸ்டரில் கொண்டுவர, 1962-ல் கிட்டார் நிறுவனமான கிப்சன் அதை 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெடலாக விற்றது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'சாடிஸ்ஃபேக்ஷன்' பாட்டு வந்த பிறகுதான் விற்பனை சூடு பிடித்தது. பின்னாளில் வந்த பல பெடல்களில் சிக்னலை நன்றாகப் பெருக்கி, அலையின் உச்சியை டயோடுகளால் வெட்டிக் கரகரப்பை உண்டாக்குகிறார்கள். சிலிக்கான் டயோடு சுமார் 0.6 வோல்ட்டில் வெட்டும், ஜெர்மானியம் அதற்கும் கீழே.

ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட பழைய பாணி ஃபஸ் பெடல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. 1966-ல் வந்த ஃபஸ் ஃபேஸ் போன்றவற்றில் பிளஸ்தான் கிரவுண்ட் (பொது இணைப்பு), மற்ற பெடல்களில் பெரும்பாலும் மைனஸ். அதை மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கிளை பிரித்து மாட்டினால் ஷார்ட் ஆகிவிடும். அதற்கு பேட்டரியே நல்லது. (ஜெர்மானியத்துக்குச் சூடும் ஆகாது, ஓசை மாறும். பெங்களூர்க் குளிர் அதற்குத் தோது!)

அடாப்டர் ஸ்டிக்கரில் வட்டம் போட்ட ஒரு படம் இருக்கும். நடுப்புள்ளியிலிருந்து போகும் கோடு பிளஸ், மைனஸ் இரண்டில் எந்தக் குறியைத் தொடுகிறது என்று பாருங்கள், நடுவில் இருப்பது அதுதான். அப்புறம் வோல்ட்டும் பெடல் கேட்பதுதானா என்று பாருங்கள். மில்லியாம்ப் அதிகமாகப் போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், பெடல் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும்.